தம்பிக்கு: ஆத்தா கடைசியாகச் சொன்னது

அன்புள்ள தம்பிக்கு,

நம் அப்பாவைப் பெற்ற ஆத்தா போன அன்று ராத்திரி நீ தோஹாவிலிருந்து பேசியபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "ஆத்தா கடைசியா என்னக்கா சொன்னாங்க?" நான், "ஒண்ணும் பேசல சாமி, தூக்கத்துலயே அடங்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதமாக அந்தப் பொய் என் தொண்டையில் நிற்கிறது. ஆத்தா பேசினார். நீ எதிர்பார்த்தது உன் பெயரை. அவர் சொன்னது உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை, அப்பா பெயரும் இல்லை. விடிகாலை நாலு மணி வாக்கில் கண்ணைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தாவை, நம் அப்பாருவைப் பார்த்து, "ஏனுங்க, மயிலைக்குத் தண்ணி காட்டிப்போட்டீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நம் மாட்டை. அவ்வளவுதான்.

போனில் இதை ஒரு வரியில் சொன்னால் உனக்கு வருத்தமாக இருக்கும் என்று பயந்தேன். அதனால்தான் இப்போது முழுசாக எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. காரியம் முடிந்து இறப்புச் சான்றிதழ் வாங்குவதற்காக ஆத்தாவின் தாள்களைத் தேடினோம். பட்டாவில் அப்பாரு பெயர். பால் சொசைட்டி அட்டையில் அப்பாரு பெயர். மின்சார அட்டையும் அப்படித்தான். ரேஷன் கார்டில் 'மனைவி' என்று இரண்டாவது வரி. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கவே இல்லை. ஆதாரில் பிறந்த தேதி 01.01.1947 என்று இருக்கிறது. நம் ஊரில் பாதிக் கிழவிகள் ஜனவரி ஒன்றில்தான் பிறந்திருக்கிறார்கள், உனக்கே தெரியும். அறுபது வருசம் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவரைப் பற்றி எழுத்தில் எங்கேயும் எதுவும் இல்லை. ஒரே ஒரு இடத்தைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உனக்குத் தெரிய வேண்டியது. பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்தபோது உன் பந்தத்தை யார் பிடிப்பது என்று ஒரு பேச்சு வந்தது. நான்தான் இரண்டையும் பிடித்தேன், வலது கையில் உன்னுடையது. கடையில் நெய் வாங்க ஆள் அனுப்பப் போனார்கள். அம்மா தடுத்துவிட்டு, ஆத்தா உருக்கி வைத்திருந்த நெய்ப் போசியை எடுத்துக் கொடுத்தார். புரட்டாசியில் கடைந்த வெண்ணெய் அது. தீபாவளிக்குக் கச்சாயம் சுடவும், நீ வந்தால் ஒப்புட்டுக்கு ஊற்றவும் வைத்திருந்தார்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அடுத்த மாசியில் கல்யாணம் என்று ஆத்தா சொல்வார். அப்படியென்றால் 1965. இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். திருப்பூரிலும் பொள்ளாச்சியிலும் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்து, பஸ் ஒழுங்காக ஓடவில்லை. மூலனூர்ப் பக்கத்திலிருந்து சவ்வாரி வண்டியிலேயே பொண்ணு வந்து இறங்கியது. பதினெட்டு வயசு. கூடவே சீராக ஒரு கிடாரிக் கன்று, வண்டிக்குப் பின்னால் கயிற்றில் நடந்து வந்தது. நம் கட்டுத்தரையில் இன்றைக்கு நிற்கிற மயிலை, அந்தக் கிடாரியின் வழியில் வந்தது. எத்தனையாவது தலைமுறை என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை. ஆத்தா விரல் விட்டு வரிசையாகச் சொல்வார், எது எந்த வருசம் ஈன்றது, எந்தக் காளைக் கன்றைக் கண்ணபுரம் சந்தையில் என்ன விலைக்குக் கொடுத்தோம் என்று. அதை ஒரு நோட்டில் எழுதி வைக்காமல் விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கமெல்லாம் மேற்கு மலை மறைத்துவிட்ட பூமி. மழை குறைச்சல், மண்ணில் கல் அதிகம். வெள்ளாமையை மட்டும் நம்பினால் குடும்பம் நடக்காது. அதனால் நிலத்தில் பாதியைக் கொறங்காடாக விட்டிருப்பார்கள். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். மாடும் ஆடும் மேய்ப்பவன் இல்லாமலே உள்ளே மேயும். கோடையில் புல் காய்ந்துவிட்டால் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டைக் காப்பாற்றும். அந்த வேலியில் இடைவெளி விழுந்த இடமெல்லாம் கிளுவைக் குச்சி வெட்டி நட்டது ஆத்தாதான். மேற்கு மூலையில் படல் பக்கம் இருக்கும் வேலியைப் பார்த்திருப்பாய், ஆள் உயரத்துக்கு மேல் நெருக்கமாக இருக்கும். அது நம் அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு நட்டது.

காங்கேயம் மாடு உழைப்புக்குத்தான் பெயர் போனது, பாலுக்கு இல்லை. வேளைக்கு ஒன்றரை லிட்டர் கறந்தால் அதிகம், அதிலும் கன்றுக்கு விட வேண்டும். அதனால் ஆத்தா தனியாக இரண்டு எருமை வைத்திருந்தார். அந்த எருமைப்பால்தான் அவருடைய ராஜ்ஜியம். உறியிலிருந்து தயிரை இறக்கி, தூணில் கயிறு கட்டி, இருட்டோடு மத்துப் போட்டுக் கடைவார். நாம் சின்னப் பிள்ளைகளாக ஆசாரத்தில் படுத்திருக்கும்போது அந்தச் சத்தத்தில்தான் விழிப்பு வரும். கயிறு ஒரு பக்கம் இழுக்கும்போது ஒரு சத்தம், மறுபக்கம் வரும்போது வேறு சத்தம். வெண்ணெய் திரளத் தொடங்கியதும் சத்தம் கனத்துவிடும். அதைக் கேட்டுவிட்டு நீ பாயிலிருந்து உருண்டு எழுந்து போய்க் கையை நீட்டுவாய். விரல் நுனி அளவுக்கு வெண்ணெய் உன் கையில் விழும். எனக்கும் விழும், ஆனால் உனக்குக் கொஞ்சம் பெரிசு. நான் கவனித்திருக்கிறேன்.

நாம் பிறப்பதற்கு முன்பெல்லாம் அந்த வெண்ணெயைத் தண்ணீர்ப் போசியில் மிதக்கவிட்டு வைத்திருப்பார். ஊத்துக்குளி வியாபாரி ஒருத்தர் சைக்கிளில் வருவார். எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் காசு ஆத்தா கையில் விழும். அப்பாரு அதைக் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. அதுதான் சிறுவாடு. மோரை மட்டும் ஒரு நாளும் விற்றதில்லை. மோரை விற்றால் கட்டுத்தரை நிறையாது என்பார். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் சொம்போடு நிற்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஊற்றுவார்.

சிறுவாடு கொள்ளுப் பானைக்குள் இருந்தது. எல்லாருக்கும் தெரியும், யாரும் தொட்டதில்லை. அப்பாவுக்கு டைபாய்டு வந்தபோது அதிலிருந்துதான் செலவு. சித்தப்பா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்ட, கிணற்றில் மோட்டார் எரிந்துபோனபோது காயில் கட்ட, பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்கு வராமல் சோளம் கருகிய வருசம் மாட்டுக்குச் சோளத்தட்டு வாங்க, எல்லாமே வெண்ணெய்க் காசுதான். அப்பாரு பேரில் பண்ணையம் நடந்தது. அந்தப் பண்ணையம் விழாமல் இருந்தது பானைக்குள் இருந்த காசால்.

அப்புறம் எண்பதுகளில் நம் ஊருக்குப் பால் சொசைட்டி வந்தது. நல்ல காரியம்தான், அதில் சந்தேகமில்லை. வாரம் தவறாமல் பணம். ஆனால் பாலாகவே ஊற்றிவிட்டால் கடைவதற்குத் தயிர் ஏது? வெண்ணெய் விற்பது நின்றது. சொசைட்டி உறுப்பினர் அட்டை அப்பாரு பெயரில். கறப்பது ஆத்தா, கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குவது அப்பாரு. ஒரு பெண்ணின் காசு எப்படி சத்தமில்லாமல் வீட்டு ஆணின் காசாக மாறுகிறது என்று எனக்குப் பெரியவளான பிறகுதான் புரிந்தது. ஆத்தா சண்டை போடவில்லை. ஒரு எருமைப் பாலைச் சொசைட்டிக்கு விட்டார், இன்னொன்றின் பாலை வீட்டுக்கென்று நிறுத்திக்கொண்டார். நாலு வெள்ளாட்டுக் குட்டி வாங்கினார், கோழி வளர்த்தார். சிறுவாடு வேறு வழியில் நடந்தது.

அவரை ஒரு தெய்வமாக எழுத எனக்கு விருப்பமில்லை. அத்தை எட்டாவது முடித்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தியது அப்பாரு மட்டும் இல்லை, ஆத்தாவும்தான். பக்கத்து ஊர் வரை நடந்து போக வேண்டும், வயசுக்கு வந்த பொண்ணு, வீட்டில் வேலைக்கு ஆள் வேண்டும், இப்படி எல்லாரும் சொல்கிற காரணங்கள். அத்தை மூன்று நாள் சாப்பிடவில்லையாம். வகுப்பில் முதல் மாணவி அவர். 1988 வைகாசியில் கல்யாணம் முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

மறு வருசம் தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது இல்லை. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் வந்து அவர்களுக்கும் உரிமை வந்தது. அதனால்தான் 2010-இல் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது அத்தையின் கையெழுத்து தேவைப்பட்டது. நீ அப்போது ஏழாவதோ எட்டாவதோ. அத்தை வந்தார், பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் காப்பி போட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். நம் அப்பாவைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று தெரிந்தே சொல்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் ஆத்தா அடுக்களைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அத்தையோடு ரொம்ப நேரம் இருந்தார். வெளியே வந்தபோது இரண்டு பேர் முகமும் வீங்கியிருந்தது. அந்தக் கதவுக்குள் என்ன பேசினார்கள் என்று இந்த ஐப்பசி வரை எனக்குத் தெரியாது.

நூறு நாள் வேலை நம் பக்கம் 2008-இல் தொடங்கியது. ஆத்தா போகிறேன் என்றார். வீட்டில் பெரிய கலவரம். "பண்ணையம் பண்ற வூட்டுப் பொம்பள குளத்துல மண்ணு வெட்டறதா?" என்று அப்பாரு குதித்தார். ஆத்தா எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் கட்டுத்தரையைக் கூட்டி, பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து, களி கிண்டி வட்டலில் மூடி வைத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் சில வருசம் கூலியைக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் வங்கி வழியாகத் தருகிறோம், கணக்குத் தொடங்குங்கள் என்றார்கள். நான் அப்போது கல்லூரி முதல் வருசம். ஆத்தா என்னிடம் வந்து, "கைநாட்டு வெக்க எனக்குக் கூச்சமா இருக்குது சாமி, பேரு எழுதிக் குடு" என்றார்.

பத்து நாள் ஆனது. உன்னுடைய பழைய சிலேட்டை அட்டாலியிலிருந்து இறக்கினோம். அரிவாள், மத்து, கயிறு எல்லாம் பிடித்த கை, பல்பக்குச்சியைப் பிடிக்க நடுங்கியது. முதல் எழுத்து வந்துவிட்டது. இரண்டாவது எழுத்தின் சுழி உள்பக்கம் போகாமல் வெளியே போகும். மாடு கறக்கும்போது சுவரில் விரலால் எழுதிப் பார்ப்பதை நான் பார்த்தேன். வங்கியில் அந்தக் கட்டத்துக்குள் நாலு எழுத்தையும் எழுதி முடித்துவிட்டு, எழுத்து காய வேண்டும் என்று வாயால் ஊதினார். பால்பாயிண்ட் பேனா, ஊதத் தேவையில்லை. ஆனாலும் ஊதினார். பாஸ்புக்கை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸில் வெள்ளகோவிலிலிருந்து வீடு வரை ஒன்றும் பேசாமல் வந்தார்.

அப்பாருவுக்கும் அவருக்கும் இருந்தது என்ன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அப்பாரு அவரைப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. "ஏபுள்ள" என்பார், இல்லாவிட்டால் ஒரு செருமல். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் வட்டலைக் கொஞ்சம் தள்ளுவார், அவ்வளவுதான். ஆத்தா எடுத்து வந்து போடுவார். இதையெல்லாம் பார்த்து எனக்குக் கோபம் வந்த காலம் உண்டு. ஒரு தடவை கேட்டேவிட்டேன், "இந்த மனுசனோட எப்படி இருந்தீங்க?" என்று. ஆத்தா கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு புள்ளையப் பறிகொடுத்தப்ப இந்த மனுசன் ஒரு வாரம் ராத்திரி கட்டுத்தரையிலயே படுத்துக் கெடந்தாரு. எம் மொகத்தப் பாக்க முடியலயாம்" என்றார். ஐந்து பெற்று மூன்று தங்கியது என்று எனக்குத் தெரியும். அதில் அப்பாருவும் அழுதிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நமக்கு அவர் எப்படி இருந்தார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தகை பிழிகிற அன்று மரக்கட்டையை அழுத்த உன்னை மேலே ஏற்றி உட்கார வைப்பார். நீ தொங்கினாலும் ஒரு இழை இறங்காது, ஆனாலும் "எம்பேரன் புழிஞ்ச சந்தவை" என்று ஊருக்கெல்லாம் சொல்வார். சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனால் படியேறும்போதே, இப்போது ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று இறங்கி வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டே போவார். மண் என்றால் ஒரு யோசனை, தண்ணீர் என்றால் ஒரு யோசனை. யார் கனவிலோ ஆண்டவன் வந்து சொன்ன பொருளுக்கும் நம் மாட்டுக்கும் மழைக்கும் ஏதாவது சம்பந்தம் கண்டுபிடித்துவிடுவார். நீ தோஹா போன பிறகு ஒவ்வொரு தடவையும் உனக்கும் சேர்த்துச் சம்பந்தம் கண்டுபிடித்தார்.

செவலைக் கன்று ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஐந்து வயசு. பிறந்தபோது செக்கச்செவேல் என்று இருந்த கிடாரிக்கு நீ கழுத்தில் மணி கட்டினாய். அம்மா வீட்டுக்கு விடுமுறைக்குப் போய்விட்டுச் சில மாதம் கழித்து வந்து பார்த்தால் கன்று சாம்பலும் வெள்ளையுமாக நிற்கிறது. "எங்கன்னுக்குட்டிய யாரோ மாத்திப்போட்டாங்க" என்று நீ கட்டுத்தரையில் புரண்டு அழுதாய். காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்துக்குள் நிறம் மாறும் என்று அப்பா விளக்கிப் பார்த்தார், நீ நம்பவில்லை. ஆத்தா உன்னைத் தூக்கிக்கொண்டு போய், அதன் காதுக்குப் பின்னால் மிச்சமிருந்த சிவப்பு முடியை விலக்கிக் காட்டினார். "அதேதான் சாமி, பாரு." நீ அழுகையை நிறுத்தினாய்.

கடைசிப் பத்து நாள் ஆத்தா படுக்கையில் இருந்தார். மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மயிலை அப்போது ஏழு மாசச் சினை. நேரத்துக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், கழனித் தண்ணீரில் தவிடு கலக்க வேண்டும் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உன்னையும் கேட்டார், தம்பி. மூன்றாம் நாள் கேட்டார், ஏழாம் நாள் கேட்டார், "பையனுக்கு லீவு குடுத்துட்டாங்களா?" என்று. கடைசி வார்த்தை மட்டும்தான் மாட்டுக்குப் போனது.

அன்றைக்கு அப்பாரு, "காட்டியாச்சு புள்ள" என்றார். உண்மையில் காட்டவில்லை, அந்த நேரத்தில் யார் காட்டுவார்கள்? ஆத்தா தலையை லேசாக ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பாரு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் எழுந்து, தடியைத் தேடி எடுத்து, இருட்டில் கட்டுத்தரைக்குப் போனார். தொட்டியிலிருந்து குடம் குடமாக அள்ளித் தாழியில் ஊற்றுகிற சத்தம் ஆசாரம் வரை கேட்டது. எண்பத்தைந்து வயசு மனிதர். நான் ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. மயிலையை அவிழ்த்துத் தாழியில் விட்டார். அது குடித்து முடிக்கிற வரை அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் உள்ளே வந்தபோது ஆத்தா போயிருந்தார்.

பாஸ்புக் துணிப் பெட்டியில், அவருடைய கல்யாணக் கூறைப்புடவைக்கு அடியில் இருந்தது. நூறு நாள் கூலியோடு, ஆட்டுக்குட்டி விற்ற காசையும் அவ்வப்போது யாரையாவது கூட்டிப்போய்ப் போட்டிருக்கிறார். எடுத்தது ஒரே ஒரு தடவை, என் கல்லூரிக் கட்டணத்துக்கு. வாரிசு நியமனம் என்று ஒரு வரி இருக்கும் இல்லையா, அதில் அப்பா பெயர் இல்லை, சித்தப்பா பெயர் இல்லை. அத்தை பெயர். அத்தைக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. அந்தக் கதவுக்குள், பாகம் பிரித்த அன்று, "எம்பேருல ஒரு நாளைக்கு எதாச்சும் இருந்தா அது உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தாராம். அப்போது அவர் பேரில் எதுவுமே இல்லை. அப்பா பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அத்தையிடம் போய் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அதை நீ வந்து கேள்.

மயிலை மார்கழி கடைசியில் ஈன்றது. கிடாரி. சீம்பாலை அம்மா காய்ச்சினார், வேலிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பாரு தானே கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். பட்டிப் பொங்கலன்று அவர்தான் முன்னால் நின்று "பட்டி பெருக" என்று சொன்னார், குரல் வெளியே வரவில்லை, நாங்கள் சேர்ந்து சொன்னோம். இப்போது தினமும் தண்ணீர் காட்டுவது அவர்தான். யாரையும் விடுவதில்லை.

கன்று நல்ல சிவப்பு. நீ சித்திரையில் வருவேன் என்றாயே, அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருக்கும். காதுக்குப் பின்னால் பார்.

அக்கா